பெயர் வெட்டிய பைனாகுலர்

1

காலை ஆறு மணி இருபது நிமிடம். அலுவலகத்தின் இரும்புக் கேட்டைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது லாரி டயரில் வெட்டிச் செய்த ஒரு ஜோடி செருப்பு. வார் வரைக்கும் செம்மண் அப்பியிருந்தது. அதைப் போட்டிருந்த பெண் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

எங்கள் வேட்டை முகாமில் மிருகங்களின் தடம் பார்க்கும் ஹமிசியின் மனைவி அவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சீசன் முடிந்து ஊருக்குத் திரும்பும் வழியில், சோதனைச் சாவடியில் ஹமிசியின் பையைப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பைனாகுலர் இருந்தது. அதில் வேறொருவர் பெயர் வெட்டியிருந்தது. திருட்டுப் பொருள் என்று எழுதி, ஹமிசியை உள்ளே வைத்துவிட்டார்கள். அன்றோடு ஐந்து நாள்.

"ஆபீசில் இருக்கிற இந்தியருக்கு எல்லாம் தெரியும், அவர் சொல்வார் என்று சொல்லி அனுப்பினார்" என்றார் அந்தப் பெண்.

அந்த இந்தியர் நான்தான்.

இது நடந்தது போன வருடம் ஜனவரியில். நான் இருப்பது அருஷா, தான்சானியாவின் வடக்கே மலையடிவாரத்தில் உள்ள ஊர். வெளிநாட்டவரை வேட்டைக்கு அழைத்துப்போகும் ஒரு நிறுவனத்தில் அலுவலக வேலை. அதற்கு முன்னால் பதினோரு வருடம் கோயமுத்தூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். சொந்த ஊர் துடியலூர். பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன மாதம் கடிதம் எழுதியிருந்தார். நம் பக்கத்து மில்காரர்கள் சிலர் இப்போது ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறார்கள், அங்கே வழிகாட்டுகிறவர்களுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று நாலு விஷயம் எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தார். அதற்குத்தான் இந்தக் குறிப்புகள். கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாக எழுத வேண்டியிருக்கிறது.

2

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேலாளர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். கென்யாவில் பிறந்த வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். வேட்டைக்கு வரும் விருந்தினர்களுக்கு முன்கூட்டியே அனுப்பும் தாள் அது. தலைப்பு: பணியாளர்களுக்கு அன்பளிப்பு. இரண்டு பக்கம் இருந்ததை ஒரு பக்கமாக்கினேன். வருடா வருடம் ஜனவரியில் அதை மறுபடி தட்டச்சு செய்வது என் வேலை.

தாளில் உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொடுப்பதைக் கடைசி நாளில் கொடுங்கள். மிருகம் விழுந்த அன்று கை தாராளமாக இருக்கும், அன்று கொடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனி உறையில் போட்டுப் பெயர் எழுதி, வேட்டைக்குப் பொறுப்பான வழிகாட்டியிடம் கொடுங்கள், அவர் பிரித்துக் கொடுப்பார். தடம் பார்ப்பவர் உங்கள் பக்கத்திலேயே நடப்பதால் அவர் முகம் நினைவிருக்கும். விடியுமுன் எழுந்து வெந்நீர் வைத்தவர், தோல் உரிப்பவர், துணி துவைத்தவர் முகங்கள் நினைவிருக்காது. அவர்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டா கொடுக்காதீர்கள். மதுப்புட்டி கொடுக்காதீர்கள். ராணுவப் புள்ளி போட்ட சட்டை கொடுக்காதீர்கள், இந்த நாட்டில் சாதாரண ஆள் அதைப் போட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்று எதையும் சொல்லாதீர்கள். போட்டோ அனுப்புகிறேன் என்றுகூடச் சொல்லாதீர்கள். அவர்கள் உண்மையாகவே காத்திருப்பார்கள்.

கடைசி விதிக்கு மட்டும் அடிக்கோடு உண்டு. கடிகாரம், கத்தி, பைனாகுலர் போன்ற விலையுள்ள பொருளைக் கொடுத்தால், இன்னாருக்கு நான் விரும்பிக் கொடுத்தேன் என்று கையெழுத்திட்ட கடிதமும் கொடுக்க வேண்டும். அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வாங்கிக்கொள்ளும் பணியாளருக்கு அடுத்த சீசனில் வேலை கிடையாது.

முதலில் இது அநியாயமாகப் பட்டது. பிறகு காரணம் தெரிந்தது. காலணி கிழிந்த ஒருவரின் பையில் ஜெர்மனி பைனாகுலர் இருந்தால், எந்தப் போலீஸ்காரரும் ஒரு கேள்விதான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் அந்தக் கடிதம்.

நம் ஊரில் இதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. கல்யாணத்துக்கு எவர்சில்வர் குடம் வாங்கினால், கடைக்காரர் பொட்டலம் கட்டுவதற்கு முன் என்ன பேர் வெட்டணுமுங்க என்று கேட்பார். வாசலில் ஒருவர் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். கொடுக்கிறவர் பெயரையும் ஊரையும் புள்ளி புள்ளியாக விளிம்பில் வெட்டிக் கொடுப்பார். என் வீட்டில் இருந்த பாத்திரங்களில் பாதியில் வேறு ஆட்களின் பெயர்தான் இருந்தது. யாரும் அதைத் திருட்டுப் பொருள் என்று நினைத்ததில்லை.

3

பெரியவர் ரங்கசாமி வேட்டைக்கு வந்தது அந்த ஜனவரிக்கு முந்தைய ஆகஸ்டில். பல்லடத்துக்காரர். தறியில் ஆரம்பித்து இரண்டு நூல் மில் வரைக்கும் வந்த குடும்பம். வயது எழுபத்திரண்டு. இளவயதில் ஆனைகட்டிப் பக்கமும் மேட்டுப்பாளையத்துக்கு மேலேயும் வேட்டையாடியவர். சட்டம் வந்து வேட்டை நின்றபோது துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, பைனாகுலரை மட்டும் வைத்துக்கொண்டாராம். அதன் தோல்வார் எப்போதோ அறுந்துபோய், மில் பெல்ட்டில் துண்டு வெட்டித் தைத்திருந்தார்.

தமிழ் தெரிந்த ஆள் கூட வேண்டும் என்று கேட்டு வந்தவர் அவர். அதனால் பத்து நாளும் நான் முகாமில் இருந்தேன்.

விமானத் திடலில் இறங்கியதும் என்னைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, நம்மூருங்களா?" என்றார்.

"துடியலூருங்க."

"அட, துடியலூருங்களா! அங்கிருந்து இத்தனை தூரம் வந்து காட்டெருமைக்குக் கணக்கெழுதறீங்களாக்கும்" என்று சிரித்தார்.

வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இடது கண்ணிலும் புரை இறங்கத் தொடங்கியிருந்தது. பைனாகுலர் வைத்துப் பார்த்தாலும் முந்நூறு அடிக்கு மேல் எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்றார். மூன்று நாளில் இது ஹமிசிக்குப் புரிந்துவிட்டது. ஹமிசிக்கு ஐம்பது வயது இருக்கும். தடம் பார்ப்பதில் இருபத்திரண்டு வருடம் பழக்கம். நான்காம் நாளிலிருந்து அவர் பெரியவரின் பக்கத்திலேயே நடந்தார். பார்க்க வேண்டிய இடம் வந்தால், தோளைத் தொட்டு, மெல்லத் திருப்பி நிறுத்துவார். கல் இருந்தால் காலால் தட்டிச் சத்தம் காட்டுவார். இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. என்னை அவர்கள் அதிகம் கூப்பிடவும் இல்லை.

ஏழாம் நாள் ஒரு கிழட்டுக் காட்டெருமை விழுந்தது. துப்பாக்கிக்கு முட்டுக் கொடுத்த மூங்கிலை நட்டது ஹமிசி. குழாயை ஒரு விரல் அகலம் நகர்த்தியதும் அவர்தான். பெரியவர் விசையை அழுத்தினார். திரும்பி நடக்கும்போது, "நான் சுடலீங்க தம்பி. அவரு பாத்தாரு, நான் விரலை மட்டும் கொடுத்தேன்" என்றார்.

கடைசி நாள் காலையில் விதிப்படி எல்லாம் நடந்தது. உறைகள், பெயர்கள், வெந்நீர் வைத்தவர் உட்பட. அதன்பின் பெரியவர் என்னைக் கூடாரத்துக்குள் கூப்பிட்டார். சமையற்காரரிடம் வாங்கிய எனாமல் தட்டில் ஒரு புது வேட்டி, இரண்டு வாழைப்பழம், அதன்மேல் பைனாகுலர். அதன் உடம்பில் ஆங்கில எழுத்தில் அவர் பெயர், கீழே கோயமுத்தூர் என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. புறப்படும் முன் ஊரில் பாத்திரக் கடையில் கொடுத்து வெட்டி வாங்கி வந்திருக்கிறார். காட்டில் தனக்காகக் கண் கொடுக்கப்போகிறவர் யாரோ, அவருக்கு என்று நினைத்துக்கொண்டே வந்தாராம்.

"எல்லாரையும் கூப்பிடுங்க. நாலு பேரு பாக்கக் கொடுக்கோணும்" என்றார்.

நான்தான் வேண்டாம் என்றேன். ஒருவருக்கு மட்டும் பெரிய பொருள் கொடுத்தால் முகாமில் மற்றவர்கள் மனம் கோணும், தனியாகக் கொடுத்துவிடலாம் என்றேன். ஹமிசியை அழைத்து வந்தேன். கூடாரத்துக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேர்தான். பெரியவர் தட்டை இரண்டு கைகளாலும் நீட்டினார். ஹமிசி இரண்டு கைகளாலும் வாங்கினார். இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வழக்கம் இரண்டு ஊரிலும் ஒன்றாகவே இருந்தது.

அப்புறம் கடிதத்தைக் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வதைவிட, கேட்பதுபோல் ஆரம்பித்தேன் என்பது சரி.

"ஐயா, ஒரு விசயமுங்க. இவருக்குக் கொடுத்தேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா..."

"என்னத்துக்குங்க கடுதாசி?"

"ஆபீசுல ஒரு வழக்கமுங்க."

"அதான் பேரே வெட்டியிருக்குதுங்களே தம்பி. கொடுத்தவன் பேரு அதுலயே இருக்குது. அதுக்கு மேல ரசீது வேற வேணுமாக்கும்?" என்று என் தோளில் தட்டினார். கோபமில்லை. ஆனால் நான் ஏதோ சின்னத்தனமாகக் கேட்டுவிட்டதுபோல் அந்தச் சிரிப்பு இருந்தது.

போச்சாதுங்க என்று விட்டுவிட்டேன். விதியை எழுதியவன் நான். அந்த நிமிடத்தில் எனக்கும் அவர் சொன்னதே நியாயமாகத் தெரிந்தது. பெயர் இருக்கிறதே, போதாதா?

ஹமிசியிடம் இதை முகாமில் யாரிடமும் காட்டாதே, சொல்லாதே என்றேன். அலுவலகத்துக்கு வந்ததும் மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். கடிதம் எங்கே என்று கேட்பார். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாளை என்பது டிசம்பர் வரைக்கும் போனது.

4

மறுபடி அந்த ஜனவரிக் காலை. எட்டு மணிக்கு மேலாளர் வந்தார். ஹமிசியின் மனைவி சொன்னதைச் சொன்னேன், இந்தியருக்கு எல்லாம் தெரியும் என்ற கடைசி வாக்கியத்தைத் தவிர. அவர் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"உனக்கு இது தெரியுமா?"

அவர் மேசையின் இடது பக்கத் தட்டில் என்னுடைய வேலை அனுமதிப் புதுப்பிப்புத் தாள்கள் இருந்தன. நான்கு பிரதிகள். அவர் கையெழுத்துக்காக ஒன்பது நாளாகக் காத்திருந்தன. அது இல்லாவிட்டால் நானும் மனைவியும் மகளும் அறுபது நாளில் நாட்டைவிட்டுப் போக வேண்டும். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு.

"விருந்தினருக்கு எழுதிக் கடிதம் வாங்குகிறேன்" என்றேன்.

இது கேள்விக்குப் பதில் அல்ல. பத்திரிகையில் இருந்தபோது அதிகாரிகள் இப்படிப் பேசினால் நான் பென்சிலால் கோடு போடுவேன். மேலாளர் கோடு போடவில்லை. சரி, எழுது என்றார். அன்று மாலை என் தாள்களில் கையெழுத்தும் போட்டார்.

ஹமிசியை ஒன்பதாம் நாள் ஜாமீனில் விட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிலையத்தில் வந்து கையெழுத்திட வேண்டும். பொருளின் சொந்தக்காரரிடமிருந்து கடிதம் வரும்வரை வழக்கு அப்படியே நிற்கும். வேலையும் நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. காரணத்தைப் பிற்பாடு ஒரே ஒருமுறை கேட்டேன். "சொல்லாதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றார்.

பல்லடத்துக்கு இரண்டு ஃபேக்ஸ் அனுப்பினேன். பதிலில்லை. போன் மூன்று முறை போட்டேன். இரண்டு முறை லைன் கிடைக்கவில்லை. ஒருமுறை கிடைத்து, ஐயா படுத்திருக்கிறாருங்க என்ற குரலோடு அறுந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச். பதினொரு திங்கட்கிழமைகள் போயின.

5

ஏப்ரலில் மழைக்காலம். வேட்டை கிடையாது. எனக்கு விடுமுறை. குடும்பத்தோடு கோயமுத்தூர் வந்தோம்.

துடியலூரில் என் அக்கா வீட்டில் தங்கினோம். அக்கா என் மகள் கையில் ஒரு தட்டு முறுக்கைக் கொடுத்தார். மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அங்கே பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல், "அசந்தே" என்றாள். ஸ்வாஹிலியில் நன்றி என்று அர்த்தம்.

"அசந்து போச்சா கண்ணு? செத்த படுத்துக்கறயா?" என்றார் அக்கா.

மகள் விழித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குத் தமிழ் காதில் விழும், நாக்கில் வராது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

மறுநாள் பல்லடம் போனேன். முதலில் மில் அலுவலகம். பெரியவரின் மகன் மோகன் இருந்தார். நாற்பது வயது, மரியாதையான மனிதர். மோர் வரவழைத்தார்.

"ஃபேக்ஸ் வந்துச்சுங்க. ரெண்டும் வந்துச்சு. நாந்தான் எடுத்து வெச்சுபோட்டேன்" என்றார். ஒளிக்கவில்லை. "போலீசுன்னு எழுதியிருந்தீங்க. அப்பாவுக்குக் கண்ணு இப்ப சுத்தமா மங்கிப்போச்சுங்க. இதுல வெளிநாட்டுப் போலீஸ் பேப்பர்ல அவரு பேரு ஏறோணுமுங்களா?"

"பேரு ஏற்கெனவே ஏறிருச்சுங்க. பைனாகுலர்லயே வெட்டியிருக்குதுங்களே."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்தப் பைனாகுலரு தொலைஞ்சுபோச்சுன்னுதான் ஊட்டுல சொன்னாருங்க. எனக்கே கொடுத்திருப்பாருன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார். பிறகு எழுந்து, "வாங்க போலாம். நீங்களே கேட்டுக்குங்க" என்றார்.

பெரியவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். நான் நடந்ததைச் சொன்னேன். சோதனைச் சாவடி, ஒன்பது நாள், திங்கட்கிழமைகள். நான் முடித்ததும் அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா மோகனு, கடுதாசி வந்து எத்தன நாளாச்சு?"

"ரெண்டு மாசத்துக்கு மேலாச்சுங்கப்பா."

"நல்லா இருக்குது நாயம்" என்றார். அவ்வளவுதான். பிறகு என் பக்கம்: "என்ற பேரு அந்தாளை உள்ள வெச்சுப்போட்டுதுங்களா? மனசு பொக்குன்னு போச்சுங்க தம்பி. நம்மூருல பேரு வெட்டுனா கொடுத்தவன்னு அர்த்தம். அங்க தொலைச்சவன்னு அர்த்தமாட்ட இருக்குது."

"ஆமாங்க."

"நீங்க பக்கத்துல நின்னுட்டுத்தானுங்களே இருந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்ப நீங்க சொல்லலீங்களா?"

மோகன் என்னைப் பார்த்தார்.

"சொன்னா வேலை போயிருமுங்களா?" என்றார் பெரியவர்.

"போகலாமுங்க."

"புள்ளை அங்கதான் படிக்குதுங்களா?"

"அஞ்சாவது படிக்குதுங்க."

அவர் தலையை ஆட்டினார். குற்றம் சொல்கிற ஆட்டம் அல்ல. சரி என்கிற ஆட்டமும் அல்ல. "பேனா எடுங்க" என்றார்.

நான் எழுதுகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றதற்கு ஒப்பவில்லை. மில் லெட்டர்பேடில், வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டு, பெரிய எழுத்தில் தானே எழுதினார். முக்கால் மணி நேரம் ஆனது. ஆறு வரிகள். முடித்துவிட்டு, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் எனக்குப் படித்துக் காட்டினார். தன் பெயர், ஊர். ஹமிசியின் பெயர். பைனாகுலர் தன்னுடையது. தன் சந்தோஷத்துக்குக் கொடுத்தது. பெயரைத் தானே வெட்டக் கொடுத்தது. ஆறாவது வரி இது:

"நான் இதைக் கொடுக்கும்போது உங்கள் ஆபீசில் வேலை செய்யும் துடியலூர் சுந்தரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்."

"அதையும் எழுதிப்போட்டேனுங்க" என்றார். "கொடுத்தவன் பேரு மட்டும் இருந்தாப் பத்தாதுன்னு தெரிஞ்சுபோச்சுங்களே. பாத்தவங்க பேரும் இருக்கட்டும்."

6

அன்று பொழுதோடு துடியலூர் வீட்டில் கடிதம் மேசைமேல் இருந்தது. மகள் அதை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அச்சு எழுத்தைவிட இந்தப் பெரிய கையெழுத்து அவளுக்குச் சுலபமாக இருந்தது போலிருக்கிறது. கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"அப்பா, இதில் உங்க பேரு இருக்கு."

ஆமாம் என்று வாங்கி வைத்தேன்.

ஆறாவது வரி எதற்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முதல் ஐந்து வரிகள் போலீசுக்குப் போதும். பொருள் திருடியதல்ல, வழக்கு முடிந்தது. ஆனால் வேலை அந்த ஐந்து வரிகளால் திரும்பி வராது. அலுவலகத்துக்குத் தெரியாமல் பரிசு வாங்கினார் என்ற குற்றம் அப்படியே நிற்கும். அலுவலகத்து ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தார் என்பது தெரிந்தால்தான் ஹமிசி எதையும் மறைக்கவில்லை என்று ஆகும். மறைத்தவர் வேறொருவர் என்றும் ஆகும்.

கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, நோட்டரியிடம் சான்று வாங்கி, மூலத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அருஷாவில் எங்கள் அலுவலகத்திலோ போலீஸ் நிலையத்திலோ தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு தட்டச்சுக் கடை. உரிமையாளர் பழக்கமானவர், ஒரு மெஷினை ஒதுக்கிக் கொடுத்தார். நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் முதலில் கற்றுக்கொண்டது, இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்து வெட்டலாம் என்பது. முக்கியமானது எப்போதும் மேலே இருக்கும். பதினோரு வருடம் அப்படித்தான் வெட்டினேன். ஒருநாளும் தவறு நேர்ந்ததில்லை.

ஐந்து வரிகளைத் தட்டச்சு செய்தேன். தாளில் இன்னும் முக்கால் பக்கம் வெள்ளையாக இருந்தது. தாளை உருவி எடுத்தேன்.

நோட்டரி மூலத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. முத்திரை குத்தினார்.

7

மே மாதத்தில் போலீஸ் வழக்கை முடித்தது. பைனாகுலரை ஹமிசியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். மேலாளர் மொழிபெயர்ப்பை இரண்டு முறை படித்தார். "திருடவில்லை என்பதில் எனக்கு முதலிலிருந்தே சந்தேகமில்லை" என்றார். "ஆனால் எங்களிடம் மறைத்துவிட்டார். ஒருவருக்கு விட்டுக் கொடுத்தால் எல்லோருக்கும் விட வேண்டும்." ஜூலையில் சீசன் தொடங்கியபோது பட்டியலில் ஹமிசியின் பெயர் இல்லை. பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்.

எனக்கு வேலை அனுமதி இரண்டு வருடத்துக்குக் கிடைத்தது. மகள் ஆறாம் வகுப்புக்குப் போனாள்.

பெரியவரிடமிருந்து செப்டம்பரில் ஒரு கார்டு வந்தது. மோகன் கையெழுத்து. அப்பா சொல்லச் சொல்ல எழுதுவதாகப் போட்டிருந்தது. அந்தாள் மறுபடி காட்டுக்குப் போகிறாரா என்று கேட்டிருந்தார். இன்னும் பதில் எழுதவில்லை.

இப்போது மறுபடி ஜனவரி. தாளைப் புதுப்பிக்கும் வேலை மேசையில் இருக்கிறது. மேலாளர் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார்: கொடுக்கும் பொருளில் உங்கள் பெயரைப் பொறிக்காதீர்கள். சேர்த்துவிட்டேன். நம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாத்திரக் கடைக்குப் போகாதீர்கள். தட்டில் வைத்துக் கொடுங்கள், தவறில்லை. நாலு பேர் பார்க்கக் கொடுங்கள். தனியாகக் கொடுக்கலாம் என்று யாராவது பக்குவமாகச் சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் கையால் கடிதம் எழுதி, வாங்குகிறவர் கையிலேயே கொடுங்கள். உங்கள் பாஷையில் எழுதாதீர்கள். நடுவில் ஒரு ஆள் வேண்டியிருக்கும்.

நண்பர் கேட்டது இவ்வளவுதான். இன்னும் ஒன்று இருக்கிறது.

வழக்கு முடிந்த வாரம், சனிக்கிழமை காலையில் ஹமிசி என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றார். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது, மில் பெல்ட் வாரோடு. சட்டைப் பையில் கடிதத்தின் நகல், நான்காக மடித்து. இனி எந்தச் சாவடியிலும் பயமில்லை என்று தொட்டுக் காட்டினார். வேலையைப் பற்றிக் கேட்டேன். பட்டியல் இன்னும் வரவில்லையே, பார்க்கலாம் என்றார்.

துணிப்பையிலிருந்து ஒரு புட்டி எடுத்தார். அவர் ஊர்ப் பக்கம் மரப்பொந்தில் எடுத்த தேன். புட்டி நிறைய இருந்தது.

"கடல் தாண்டிப் போய் எனக்காகக் கடிதம் வாங்கி வந்தீர்கள்" என்று இரண்டு கைகளாலும் நீட்டினார்.

நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.